வாந்தி மாத்திரை ஒன்னு குடுங்கண்ணா

சொந்தக்காரங்க எல்லாம் சேர்ந்து வேன் பிடிச்சு கொல்லிமலை போயிட்டு வந்தோம். அலுப்பு மறுநாளே போயிடுச்சு. கடுப்பு மட்டும் இன்னும் போகல. அதான் இந்தப் பதிவு.

காரவள்ளியில டீ குடிச்சுட்டு வண்டி ஏறுறோம். முன் சீட்டுல இருந்து ஒரு மாத்திரை அட்டை கைமாறிக் கைமாறிப் பின்னாடி வருது. "ஆளுக்கு ஒன்னு போட்டுக்கங்க. சின்னதுங்களுக்குப் பாதி உடைச்சுக் குடுங்க." சொன்னது என் மாமியாரோட தங்கச்சி. எனக்கு சின்ன அத்தை. அவங்க சொன்னா அப்பீல் கிடையாது.

என்ன மாத்திரைன்னு ஒருத்தரும் கேக்கல. வாந்தி மாத்திரை. அவ்ளோதான். இதய நோய்க்கு மருந்து சாப்பிடற பெரியப்பாவும் போட்டாரு, ஒன்னாங்கிளாஸ் படிக்கிற பொண்ணும் போட்டுச்சு. வண்டி ஓட்டற தம்பிக்கும் ஒன்னு நீட்டினாங்க. "வேணாம்க்கா, ஓட்டறவனுக்கு வராது"ன்னுட்டான். (அவன் சொன்னது எவ்ளோ சரின்னு அவனுக்கே தெரியாது. அதுக்கு வர்றேன்.)

அட்டை எங்கிட்ட வந்தப்ப திருப்பிப் பாத்தேன். ஒண்டன்செட்ரான்.

"என் பையனுக்கு வேணாம் அத்தை."

"ஏன், நாங்கல்லாம் விஷமா குடுக்கறோம்?"

பதில் சொல்லல. மலைக்கு இருக்கறது 70 கொண்டை ஊசி வளைவு. பாதி ஏறறதுக்குள்ள ஜன்னலுக்கு ஜன்னல் தலை வெளிய போயிடுச்சு. எல்லாம் மாத்திரை போட்ட தலைங்க.

சின்ன அத்தை தீர்ப்பு சொல்லிட்டாங்க. "மெடிக்கல்காரன் டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டான்."

இல்லைங்க. பாவம், அந்த மனுஷன் ஒரிஜினல்தான் குடுத்திருக்கார். மாத்திரைதான் இந்த வாந்திக்கு இல்ல.

என் நாத்தனார் பார்மசிஸ்ட். மேல போய் சிக்னல் கிடைச்சதும் அவளுக்குத்தான் போன் போட்டேன். கேட்டுட்டு ஒரே சிரிப்பு. "அண்ணி, பஸ் வாந்திக்கு ஒண்டன்செட்ரானா? அது ட்யூப்லைட் எரியலைன்னு மோட்டார் சுவிட்சைப் போடற கதை"ன்னா.

அவகிட்ட அன்னைக்கும், அதுக்கப்பறமும் நச்சரிச்சு நச்சரிச்சுக் கேட்டுக்கிட்டதுதான் இனிமே வர்றது. நான் டாக்டர் இல்ல. இதைப் படிச்சுட்டு நீங்களா மாத்திரை வாங்கிப் போடணும்னு எழுதல. கடைக்காரர்கிட்டயும் டாக்டர்கிட்டயும் என்ன கேக்கணும்னு தெரியட்டும், அதுக்குத்தான்.

வாந்தியைக் கிளப்பற இடம் மூளையோட அடித்தண்டுல இருக்கு. அந்த இடத்துக்குச் சேதி பல வழியா போகும். கெட்டுப்போனதைச் சாப்பிட்டாலோ வயித்துல கிருமி புகுந்தாலோ, குடல் செரட்டோனின்னு ஒரு பொருளைக் கொட்டும். அந்தச் சேதி மேல போகாம தடுக்கறதுதான் ஒண்டன்செட்ரானோட வேலை. புற்றுநோய்க்கு மருந்து ஏத்திக்கிறவங்களுக்கு வர்ற பயங்கர வாந்திக்காக வந்த மருந்து இது. 1991ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. ஆபரேஷன் முடிஞ்சு வர்ற வாந்திக்கும் குடுக்கறாங்க. நல்ல மருந்து. அதுல சந்தேகமே இல்ல.

ஆனா மலைப்பாதையில வர்ற வாந்தி குடல்ல கிளம்பறது இல்ல. காதுல கிளம்புது. உள்காதுல இருக்கற திரவம் "ஆடறோம், திரும்பறோம்"னு சொல்லுது. கண்ணு முன் சீட்டு முதுகையே பாத்துட்டு "அசையவே இல்லையே"ங்குது. ரெண்டுல எதை நம்பறதுன்னு மூளை குழம்பிப் போகுது. இந்தச் சேதி போற வழியில ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின்னு வேற ஆளுங்க. செரட்டோனின் வழியை அடைச்சு என்ன பிரயோஜனம்?

(டிரைவர் தம்பி மேட்டர் இதுதான். அடுத்த வளைவு எந்தப் பக்கம்னு அவன் மூளைக்கு முன்னாடியே தெரியும். ஸ்டியரிங்கைத் திருப்பறதே அவன்தானே. அதனால குழப்பம் இல்ல.)

பிரயாண வாந்திக்குன்னு இருக்கறது வேற கூட்டம். புரோமெத்தசின், டைமென்ஹைட்ரினேட், சின்னரிசின், இந்த மாதிரி. நம்ம ஊர்ல அவோமின்னு சொன்னா பாதிப் பேருக்குத் தெரியும், அது புரோமெத்தசின்தான். விண்வெளிக்குப் போற ஆளுங்களுக்கும் அங்க போனதும் குமட்டுமாம். நாசா அவங்களுக்கு ஊசியா போட்டதும் இதே புரோமெத்தசின்தான்! எனக்கு இதைக் கேட்டதும் ஒரே குஷி. வால்பாறை 40 வளைவுக்கும் விண்வெளிக்கும் ஒரே மருந்து.

எனக்கும் பஸ்ஸுன்னா சின்ன வயசுல இருந்தே ஆகாது. அதனால இந்த விஷயத்துல நான் பழம் தின்னு கொட்டை போட்டவ. வயித்துல பேப்பரைக் கட்டிக்கிட்டுப் போயிருக்கேன் (உபயோகம் சுத்தமா இல்ல, வேர்வையில எழுத்து மட்டும் வயித்துல ஒட்டிக்கும்). எலுமிச்சம்பழம் மோந்திருக்கேன். புளிப்பு மிட்டாய், இஞ்சி மொரப்பா, எல்லாம் ஆச்சு. இஞ்சி ஓரளவுக்குக் கேக்குது. கடைசி சீட்டு எனக்கு நேரா நரகம். முன்னாடி உக்காந்து ரோட்டைத் தூரமா பாத்துட்டே போனா பாதிப் பிரச்சனை தீருது. போனை நோண்டக் கூடாது. முழுப் பட்டினியும் கூடாது, பரோட்டா குருமாவும் கூடாது. ரெண்டு இட்லி சரியான அளவு.

மாத்திரையில நான் கண்டுக்கிட்டது நேரம்தான். குமட்ட ஆரம்பிச்சப்பறம் போட்டா பிரயோஜனம் இல்ல. அந்த நேரத்துல வயிறே வேலை நிறுத்தம் பண்ணியிருக்கும், மாத்திரை கரைஞ்சு ரத்தத்துல சரியா சேராது. கிளம்பறதுக்கு ஒரு மணி, ரெண்டு மணி நேரம் முன்னாடியே உள்ள போயிருக்கணும். நீளப் பயணம்னா முந்தின நாள் ராத்திரியே போடச் சொல்றதும் உண்டு.

ஆனா தூக்கம் அடிச்சுப் போட்டுடும். வாய் வறண்டு போகும். அதனால வண்டி ஓட்டறவங்க தொடவே கூடாது. மேல போய் 'பார்ட்டி' வெச்சிருக்கற மாமாக்களும் கூடாது, சரக்கும் இதுவும் சேர்ந்தா தூக்கம் எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது. புராஸ்டேட் வீக்கம், கண்ணுல குளுக்கோமா இருக்கற பெரியவங்க டாக்டரைக் கேக்காம போடாதீங்க, ஒன்னுக்கு அடைச்சுக்கும், கண் அழுத்தம் ஏறும். முக்கியமா, 2 வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைக்கு புரோமெத்தசின் கூடவே கூடாது. மூச்சையே அமுக்கிடும், உசுருக்கே ஆபத்து. அமெரிக்க மருந்துத் துறை கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிச்ச விஷயம் இது. வேடிக்கை என்னன்னா, அந்த வயசுக் குழந்தைக்குப் பிரயாண வாந்தி வர்றதே அபூர்வம். "தூங்கிட்டே வரட்டும்"னு குடுக்கறவங்க இருக்காங்களே, அவங்களுக்காகத்தான் இதைச் சத்தமா சொல்றேன்.

சரி, வயித்துப்போக்கோட வர்ற வாந்திக்கு வருவோம்.

இங்கதான் ஒண்டன்செட்ரான் ஹீரோ. அமெரிக்காவுல குழந்தைகளை வெச்சுப் பண்ண ஒரு ஆய்வு 2006ல வெளியாச்சு. வயித்துக் கிருமியால வாந்தி எடுத்து நீர்ச்சத்து குறைஞ்சு வந்த குழந்தைங்களுக்கு ஒரே ஒரு தடவை ஒண்டன்செட்ரான். குடுத்தவங்கள்ல 14 சதவீதம் பேர்தான் அப்பறம் வாந்தி எடுத்தாங்க. குடுக்காதவங்கள்ல 35 சதவீதம். டிரிப்ஸ் ஏத்த வேண்டிய அவசியமும் பாதிக்கும் கீழ குறைஞ்சுது. ஆனா மருந்து சாப்பிட்ட குழந்தைங்களுக்குப் பேதி கொஞ்சம் கூடுதலா போச்சு.

கவனிச்சீங்களா? ஒரே தடவை. நம்ம வீட்டுல என்ன பண்றோம்? "நாளைக்கும் வந்துடப் போகுது"ன்னு மூணு நாளைக்கு ஊத்தறோம். அந்த ஆய்வுல அளவும் எடையைப் பாத்துதான் குடுத்தாங்க, 8ல இருந்து 15 கிலோவுக்கு 2 மில்லிகிராம்ங்கற மாதிரி. வயசைப் பாத்து இல்ல. போன வருஷம் டாக்டர் எழுதின சீட்டை ஃபிரிட்ஜ் மேல இருந்து எடுத்து அதே அளவை இப்ப ஊத்தறது எப்படிச் சரியாகும்? அந்த எடையிலயா உங்க பிள்ளை இன்னும் இருக்கான்? அக்கா பையன் சீட்டைத் தம்பிக்கு ஓட்டறதும் இதே கேஸ்தான்.

ஸ்பூன் கதை இன்னொன்னு. "ஒரு ஸ்பூன் குடுங்க"ன்னா எந்த ஸ்பூன்? எங்க வீட்டு டிராயர்ல இருக்கற ஸ்பூன்களை எல்லாம் எடுத்து, தண்ணி ஊத்தி, ஊசி போடற சிரிஞ்சுல (ஊசி இல்லாம) அளந்து பாத்தேன். ஒன்னும் ஒன்னும் ஒத்துப் போகல. சிரப்போட வர்ற மூடி அளவு, இல்லைன்னா மெடிக்கல்ல கிடைக்கற வாய்வழி சிரிஞ்சு, இந்த ரெண்டுதான் அளவு. அதே மாதிரி சொட்டு மருந்து வேற, சிரப்பு வேற. பேர் ஒன்னா இருக்கும், சொட்டு மருந்து பல மடங்கு கெட்டி. சிரப்பை ஊத்தற அளவுக்கு சொட்டு மருந்தை ஊத்திட்டா விபரீதம்.

உண்மையைச் சொல்லணும்னா குழந்தை வாந்திக்கு முதல் மருந்து ஓஆர்எஸ் பவுடர்தான். பெரிய பாக்கெட்டை முழுசா 1 லிட்டர் காய்ச்சி ஆறவெச்ச தண்ணியில கரைக்கணும். பாதிப் பாக்கெட்டு, ஒரு டம்ளர்னு சொந்தக் கணக்கெல்லாம் கூடாது. வாந்தி எடுத்து ஒரு பத்து நிமிஷம் விட்டுட்டு, ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு சின்ன ஸ்பூன். போரடிக்கும். கை வலிக்கும். ஆனா வேலை செய்யும். தாகத்துல பிள்ளை கேக்குதேன்னு ஒரு டம்ளரை அப்படியே நீட்டினா அதே டம்ளர் அளவு வெளிய வரும். கடையில ஓஆர்எஸ்னு பேர் போட்டு அட்டை டப்பாவுல வித்த கலர் கலர் ஜூஸெல்லாம் ஓஆர்எஸ் கிடையாது, சர்க்கரைத் தண்ணி. 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பேரையே போடக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. ரொம்ப லேட்டு. பரவால்ல.

அடுத்தது எங்க ஊர்ல நடந்தது. காலேஜ் படிக்கற பொண்ணு. வாந்தின்னு போய் ஊசி போட்டு, மாத்திரையும் வாங்கிட்டு வந்திருக்கு. மறுநாள் சாயங்காலம் கழுத்து ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. கண்ணு ரெண்டும் மேல சொருகிக்கிச்சு. நாக்கு வெளிய தள்ளுது. பேச்சு குழறுது. சுத்தி நின்னவங்க சொன்னது என்னன்னு நான் சொல்லணுமா? காத்து கருப்பு. வேப்பிலை, விபூதி, எலுமிச்சம்பழம். நல்லவேளை, தாய்மாமன் ஒருத்தர் வண்டியில போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டார். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வாந்திக்கு என்ன மருந்து சாப்பிட்டா?" ஒரு ஊசி. கொஞ்ச நேரத்துல கழுத்து நேராயிடுச்சு, பேயும் போயிடுச்சு.

மருந்து பேரு மெட்டோக்ளோபிரமைடு. மூளையில டோபமினைத் தடுக்கற மருந்து. எல்லாருக்கும் இப்படி ஆகாது. ஆனா குழந்தைங்களுக்கும் இளவயசுக்காரங்களுக்கும் ஆக வாய்ப்பு அதிகம். அதனாலதான் 2013ல ஐரோப்பிய மருந்து ஆணையம் இதுக்குக் கடிவாளம் போட்டுது. 1 வயசுக்குள்ள கூடவே கூடாது, யாருக்கா இருந்தாலும் 5 நாளைக்கு மேல வேணாம்னு. தலைசுத்தலுக்கு எழுதற புரோகுளோர்பெரசினும் இதே குடும்பம். பத்து நாளைக்குன்னு எழுதினதை நம்ம தாத்தா பாட்டிங்க வருஷக்கணக்கா வாங்கிப் போட்டுட்டே இருப்பாங்க. கை நடுங்கும், நடை தேயும், முகம் இறுகும். "வயசாயிடுச்சு"ன்னு நாம விட்டுடுவோம். மாத்திரையா இருக்கலாம்னு யாருக்குத் தோணுது?

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச (அதாவது ரொம்பக் கடுப்பேத்தற) விஷயம். கேஸ் மாத்திரை.

உங்க வீட்டுல காலையில வெறும் வயித்துல யாராவது ஒரு கேப்ஸ்யூல் போடறாங்களா? பேன்டோப்ரசோலோ ரேபிப்ரசோலோ, பேருக்குப் பின்னாடி ஒரு 'டி' ஒட்டியிருக்கா? அட்டையைத் திருப்புங்க. அந்த டிதான் டோம்பெரிடோன். வாந்தி மருந்து. கேஸுக்குன்னு நினைச்சு முழுங்கறதுல பெரும்பாலும் 30 மில்லிகிராம் டோம்பெரிடோன் உள்ள இருக்கு, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா கரையற மாதிரி.

ஐரோப்பாவுல 2014ல சொன்ன உச்ச அளவே ஒரு நாளைக்கு 30 தான். அதுவும் 10, 10, 10ன்னு. ஒரு வாரத்துக்கு மேல போக வேணாம்னாங்க. இதயத் துடிப்போட தாளத்தைக் குலைக்கற குணம் இதுக்கு இருக்கு, 60 வயசைத் தாண்டினவங்களுக்கும், 30க்கு மேல போறவங்களுக்கும் ஆபத்து கூடுதல்னாங்க. இங்க 60 தாண்டினவங்கதான் வருஷக்கணக்கா தினமும் போடறாங்க! அவங்களே திருப்பதி போறப்ப வாந்தி வருமோன்னு தனியா ஒரு டோம்பெரிடோனும் போட்டுக்கிட்டா? கூட்டிப் பாத்துக்கங்க. ஒண்டன்செட்ரானுக்கும் அந்தத் தாளப் பிரச்சனை உண்டு. சில ஆன்டிபயாடிக்கும் பூஞ்சை மாத்திரையும் சேர்ந்தா இன்னும் மோசம். இதுல கொடுமை, நிறைய வாந்தி எடுத்தாலே உடம்புல பொட்டாசியம் குறையும், அது குறைஞ்சாலே துடிப்பு தடுமாறும். வேன்ல பெரியப்பா வாயில மாத்திரை போட்டப்ப எனக்குத் திக்குனு ஆனது இதனாலதான்.

இதுக்காக நாளைக்கே நீங்களா எதையும் நிறுத்த வேணாம். அடுத்த தடவை டாக்டர்கிட்ட போறப்ப வீட்டுல சாப்பிடற எல்லா அட்டையையும் ஒரு பையில போட்டுக் கொண்டு போய் மேஜையில கொட்டுங்க. முழு அட்டையா. மெடிக்கல்ல கத்தரிக்கோலால ரெண்டு மாத்திரை வெட்டிக் குடுக்கறாங்களே, அதுல பேர் அந்தப் பக்கம் போயிடும், காலாவதித் தேதி இன்னொரு பக்கம் போயிடும், நம்ம கைக்கு வெள்ளித்தாள் மட்டும் வரும். நான் இப்பல்லாம் பேர் இருக்கற பக்கத்தைக் கேட்டு வாங்கறேன். முறைக்கறாங்க. முறைக்கட்டும்.

மாசமா இருக்கறவங்களுக்கு ஒரே வரி. கடையில கேட்டு வாங்காதீங்க, பிரசவம் பாக்கற டாக்டர் எழுதினது மட்டும். 1957ல ஜெர்மனியில விக்க ஆரம்பிச்ச தாலிடோமைடை மசக்கைக்கும் குடுத்தாங்க. 1961ல அங்க நிறுத்தினாங்க. அந்த மருந்தால பல நாட்டுல 10,000க்கும் மேல குழந்தைங்க கை கால் குறையோட பிறந்தாங்க. இன்னைக்கு மசக்கைக்கு நல்லா சோதிச்சுப் பாத்த மருந்து இருக்கு (டாக்சிலமினும் பி6 வைட்டமினும் சேர்ந்தது). அதையும் அவங்க சொல்லித்தான்.

மாத்திரையைத் தேடாம நேரா ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய வாந்தியும் இருக்கு. பச்சையா வந்தா. ரத்தமோ காபித்தூள் மாதிரியோ வந்தா. தலையில அடிபட்டப்பறம் வந்தா. கைக்குழந்தை பீய்ச்சி அடிச்சா. குழந்தை ஆறேழு மணி நேரமா ஒன்னுக்குப் போகலைன்னா, அழுது கண்ணீர் வரலைன்னா, உச்சிக்குழி உள்ள வாங்கியிருந்தா, எழுப்பினாலும் துவண்டு துவண்டு விழுந்தா. வயித்துவலி ஒரே இடத்துல குத்திட்டே இருந்தா. பெரியவங்களுக்கு வாந்தியோட வேர்த்துக் கொட்டி நெஞ்சு அடைக்கற மாதிரி இருந்தா, அது கேஸ் இல்ல, நெஞ்சைப் பாக்கணும். இந்த நேரத்துல வாந்தியை மட்டும் நிறுத்தினா நோய் உள்ள ஒளிஞ்சுக்கும்.

நாத்தனார்கிட்ட பேசினதோட விளைவு, மாமியாரை அவங்க டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். பையைக் கொட்டினேன். அவர் ஒவ்வொன்னா பாத்துட்டு அந்த 'டி' கேப்ஸ்யூலை எடுத்துட்டு வெறும் பேன்டோப்ரசோல் எழுதினார், அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான், அப்பறம் பாக்கலாம்னார். வெளிய வந்து பில்லைப் பாத்த மாமியாருக்குத் திருப்தியே இல்ல.

"காசு கம்மியா இருக்கே. இது கேக்குமா?"

"கேக்கும் அத்தை."

"எதுக்கும் பழசுல ஒரு அட்டை வாங்கி வெச்சுக்கடி. ஊருக்குக் கீருக்குப் போனா ஆகும்."